பருந்தின் அடியில் ஒரு பெயர்

"ஐயோ... கொலை!"

கியோத்தோ நகரத்தில் காலைச் சோறு வெந்துகொண்டிருந்த நேரம். இனோகுமா பட்டறையின் சரக்கறையிலிருந்து அந்த அலறல் கிளம்பியது.

ஏற்றுமதி வியாபாரி நிஷிவாகி குப்புறக் கிடந்தார். மண்டை பிளந்திருந்தது.

பக்கத்தில் ரத்தம் தோய்ந்த வெண்கல ஜாடி. அதன் தோளில் தங்கம் இழைத்த பருந்து ஒன்று, நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது!

இன்ஸ்பெக்டர் தாஜிமா ஜாடியைக் கவிழ்த்தார். அடியில் 'இனோகுமா கென்சாய்' என்று வெட்டிய பெயர். பாதி சுரண்டப்பட்டிருந்தது!

"பெரியவரே, இது உங்க பேர்தானே?"

பட்டறை முதலாளி கென்சாய் முதுகு வளையாமல் நின்றார். அவருடைய பாட்டனார் பிரபுக்களின் வாளுக்கு அலங்காரம் செய்தவர். பிறகு அரசாங்கம் வாளைத் தடை செய்தது. இப்போது குடும்பம் லண்டன் சீமாட்டிகளின் வரவேற்பறைக்கு ஜாடி செய்கிறது. முதுகு மட்டும் இன்னும் வாள் காலத்திலேயே இருந்தது.

"என் பேர்தான்."

"செஞ்சது யாரு?"

"இங்க எவன் செஞ்சாலும் என் பேரைத்தான் வெட்டுவோம். பேர் என்னோடதுன்னா பொருளும் என்னோடது."

"அப்ப கொலையும் உங்களோடதா?"

கென்சாய் ஜாடியின் பருந்தை உற்றுப் பார்த்தார்.

"விஷயம் ரொம்ப சுலபம். நேத்து சரக்கு கட்ட வந்தவரோட சண்டை. ஜாடியால ஒரே போடு! அப்புறம் பயந்துபோய்ப் பேரைச் சுரண்டியிருக்கீங்க. கிளம்புங்க!"

கைவிலங்கு கிணுங்கியது.

நாளைக்குப் பத்திரிகையில் வரும். மறுநாள் மூன்று தலைமுறைப் பெயர் அச்சான அந்தத் தாளில் மீன் கட்டித் தருவார்கள்!

தொழிலாளிகள் தலை குனிந்து நின்றார்கள். வீட்டோடு மாப்பிள்ளை ரியோகிச்சி மட்டும் மூக்கை உறிஞ்சினான்.

"கவலைப்படாதீங்க மாமா. பட்டறையை நான் பாத்துக்கறேன்."

கென்சாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், பயந்தவன் ஜாடியைத் தூக்கிக் கிணத்துல போடுவான். பேரைச் சுரண்டுறவன், வேற பேர் வெட்ட இடம் பண்றான்!"

"யாரு பேரு?"

"தெரியாது. என்னை ஜெயில்ல போடுங்க. ஆனா இந்தக் கண்றாவியை நான் செஞ்சேன்னு மட்டும் எழுதாதீங்க. இது பருந்தா? சளி பிடிச்ச கோழி!"

ரியோகிச்சியின் காது சிவந்தது.

"இறகைப் பாருங்க... தேஞ்சுபோன விளக்குமாறு!"

"மாமா... போதும்..."

"கண்ணு? விடிய விடியக் குடிச்சவன் கண்ணு! எவனோ கத்துக்குட்டி..."

"கத்துக்குட்டியா?" வெடித்தான் ரியோகிச்சி. "ஒவ்வொரு இறகுக்கும் பள்ளம் வெட்டி, தங்கக் கம்பியைத் தட்டித் தட்டி உக்கார வெச்சது நான்! இது ஒண்ணாவது என் பேர்ல போகட்டும்னுதான் உங்க பேரைச் சுரண்டினேன். அந்த ஆள் பாத்துட்டான். 'உன் பேருக்கு எவன்டா காசு குடுப்பான்?'னு சிரிச்சான்... விழுந்து விழுந்து சிரிச்சான் மாமா!"

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

பொத்தி என்ன பிரயோஜனம்? விலங்கு கை மாறியது!

"பிரமாதம் பெரியவரே! என்னமா பொறி வெச்சீங்க!" தாஜிமா சிரித்தார். "ஆனா பாவம்... ஒரு மட்டமான ஜாடிக்காக ஒரு உயிர்..."

"மட்டமா?" கென்சாய் சீறினார். "யாரைப் பாத்து மட்டம்கறீங்க? எங்க வம்சத்துலயே இப்படி ஒரு பருந்தை எவனும் செஞ்சதில்ல. நான் உள்பட!"

வாசலில் ரியோகிச்சி நின்றுவிட்டான். கண் கலங்கியது.

"மாமா...!"

கென்சாய் திரும்பவே இல்லை. ஜாடியை மடியில் கவிழ்த்து, உளியை எடுத்து, சுரண்டிய இடத்தில் மாப்பிள்ளையின் பெயரை வெட்டத் தொடங்கினார்.

"யோவ் பெரியவரே! அது சாட்சிப் பொருள்! என்ன பண்றீங்க?"

"கொஞ்சம் பொறுங்க இன்ஸ்பெக்டர். பாதிப் பேரோட கோர்ட்டுக்குப் போனா... எங்க குடும்ப மானம் என்ன ஆகிறது?"