ஜீப்பைத் தொடாதீங்கய்யா!

"அய்யோ... தலைவர் செத்துட்டாரே!"

புஷ்பமேரியின் அலறல் போடிமெட்டு வளைவில் மோதித் திரும்பி வந்தது.

ஏலத்தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது.

ஈரத் தரையில் மல்லாந்து கிடந்தார் பாஸ்கல். தோட்டத் தொழிலாளர் தலைவர். வருங்கால எம்.எல்.ஏ. என்று தன்னைத் தானே அழைத்துக்கொள்பவர். கழுத்தில் ஏலக்காய் மாலை. காலில் செருப்பில்லை. 'ஏழையின் காலில் செருப்பு ஏறும்வரை என் காலிலும் ஏறாது!' என்று சபதம் போட்டிருந்தார். செருப்பு ஜீப்புக்குள் பத்திரமாக இருந்தது.

பக்கத்தில் அவருடைய ஜீப். அதன்மேல் ஒரு ட்யூப் லைட் மூடுபனிக்குள் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

அதன் கீழே டிரைவர் சகாயம். கையில் ஸ்பானர்!

ஒரு இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்?

ரப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று ஒலிக்க, செக்போஸ்ட்டிலிருந்து ஓடி வந்தார் கேரளப் போலீஸ் இன்ஸ்பெக்டர் குறுப்பு. பிணத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. டாக்டர் வேலையை அவர் ஏன் செய்ய வேண்டும்? நேராகச் சகாயத்துக்கு விலங்கு மாட்டி, செக்போஸ்ட் கம்பத்தோடு பூட்டினார்.

"நான் அடிக்கலய்யா! ஜீப்புதான் அடிச்சிருச்சு!"

"எந்தா? மோதியதா?"

"நின்ன எடத்துலயே அடிச்சுதுய்யா... கரண்டு!"

"எடா! ஜீப்பில் ஏதுடா கரண்டு? தபாலில் வந்ததா?"

சகாயம் கணக்குப் போட்டான். சொன்னால் தலைவர் மானம் போகும். சொல்லாவிட்டால் தன் கழுத்தே போகும்!

செத்தவருக்கு எதற்கு மானம்?

"எஸ்டேட் ஆஸ்பத்திரிப் பெட்டிய்யா. கரண்டு போனா பிரசவ ரூமுல லைட்டு எரிய வைக்கிறது. பேட்டரிக் கரண்ட வீட்டுக் கரண்டா மாத்தும். அதத்தான் தலைவர் கழட்டியாந்து ஜீப்பு சீட்டுக்கடியில மாட்டுனாரு. அவரு மொகத்துக்கு மேல ட்யூப் லைட்டு எரியணுமாம்."

"ஏலே, அந்தப் பெட்டியத் திருடுனவனத் தூக்குல போடணும்னு காலையிலதான மைக்குல கத்துனாரு?" என்றாள் புஷ்பமேரி.

"ஆமாக்கா. அந்த மைக்குக்கும் கரண்டு அந்தப் பெட்டிதான்."

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது. "பிறகு?"

"ஆஸ்பத்திரியில ஒரு ஒயரு மண்ணுக்குள்ள போயிருந்துச்சுய்யா. இங்கயும் அதே மாதிரி வேணும்னு, ஜீப்பு நிக்கிற எடமெல்லாம் கம்பி அடிச்சு, ஒயரக் கட்டி, தண்ணி ஊத்தச் சொன்னாரு. இன்னொரு ஒயரு சீட்டுல நசுங்கி ஜீப்பு தகரத்துல உரசுது. ஈரத்துல வெறுங்காலோட தொட்டா வீசி எறிஞ்சிரும்! டேப்பு சுத்திருதேன்னேன். 'கூட்டம் காத்திருக்குலே'ன்னுட்டாரு..."

"நல்ல கதை!"

இன்ஸ்பெக்டர் ஜீப்பை நோக்கி நடந்தார்.

"தொடாதீங்கய்யா!"

பானெட்டில் ஓங்கி ஒரு தட்டு!

ஒன்றுமே ஆகவில்லை.

இன்னொரு தட்டு. "எங்கேடா கரண்டு?"

"நீங்க ரப்பர் பூட்சு போட்டிருக்கீங்கய்யா... கழட்டிட்டுத் தொட்டுப் பாருங்க!"

"கேட்டீங்களா? என்னையும் கொல்லப் பாக்கறான். கேஸ் ரெண்டாச்சு!"

"அப்ப உள்ள இருக்க சுவிட்சயாவது அணைங்கய்யா..."

"சாட்சியத்தை அழிக்கவும் பாக்கறான். மூணு!"

வாயைத் திறக்கத் திறக்கக் கேஸ் ஏறியது. சகாயம் கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடினான்.

"ம்ம்ம்..."

முனகியது... பிணம்!

புஷ்பமேரி மறுபடி அலறினாள். பாஸ்கல் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

சகாயத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "தலைவரே! பொழச்சிட்டீங்களா! நீங்களே சொல்லுங்க... அந்தப் பெட்டிதான அடிச்சுது?"

பாஸ்கல் பார்த்தார். எதிரே இன்ஸ்பெக்டர். சுற்றிலும் அத்தனை ஓட்டு. சீட்டுக்கடியில் சிவப்புச் சிலுவை போட்ட பெட்டியின் மூலை.

ஒரே விநாடிதான் யோசித்தார். தலைவர் அல்லவா?

"பெட்டியா? எந்தப் பெட்டி? இவன்தான் பின்னால இருந்து அடிச்சான்! எதிர்க்கட்சிக்காரன் கையாளு!"

சகாயத்தின் மகனுக்குப் பெயர் வைத்த வாய் அது!

"மக்களே! உங்களுக்காக ரத்தம் சிந்தி..." பாஸ்கல் தள்ளாடி எழுந்தார். ரத்தம்தான் ஒரு சொட்டும் இல்லை. பிடிமானம் தேடிக் கை நீண்டது... ஜீப்பின் பக்கம்!

"தலைவரே, தொடா..."

"மிண்டாதே!" உறுமினார் இன்ஸ்பெக்டர். "இனி வாயைத் திறந்தா கேஸ் நாலு!"

சகாயம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். மூடிக்கொண்டான்.

படீர்!

"ஆஆஆ...!" ஏலக்காய் மாலை அறுந்து சிதற, தலைவர் பறந்துபோய் இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் மேலேயே விழுந்தார்.

விலங்கு மாட்டிய கையைக் கம்பத்தோடு ஆட்டிக் காட்டினான் சகாயம்.

"ஐயா, நான் இங்கனதான் நிக்கேன்... இப்ப அடிச்சது எந்தக் கட்சிய்யா?"