ஏழாம் படுக்கையின் ரத்தம்

ஆஸ்பத்திரியின் விசாரணை அறையில் இரண்டே மேஜைகள். ஒன்றில், புகார்களை விசாரிக்கும் டாக்டரம்மா. வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்று ஊழியர்கள் கேலி பேசுவார்கள். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் நிதானம். இன்னொன்றில் ரெக்கார்டு கிளார்க். நாற்பது வயதாகியும் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடும் பழக்கம் அவரை விடவில்லை. அதனால் அவருக்குப் பெயர் அவசரம். இரண்டு பெயர்களும் அவரவர் காதுக்கு எட்டியிருந்தன. அவசரத்துக்கு மட்டும் அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

அன்று காலை பத்து மணிக்குப் பெண்கள் வார்டு சிஸ்டர் உள்ளே வந்தார். பதினெட்டு வருட சர்வீஸ். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மூணு மணிக்குக் கமிட்டி கூடுது மேடம். என் வேலை மட்டுமில்ல, லைசென்ஸும் போயிடும்னு சொல்றாங்க."

"முதல்ல இருந்து சொல்லுங்க."

நான்கு நாட்களுக்கு முன், காலை எட்டு மணி. ஏழாம் படுக்கைத் தையல்காரம்மாவின் கையில் பொருத்தியிருந்த ஊசி அடைத்துக்கொள்ளாமல் இருக்க சிஸ்டர் அதில் உப்புநீர் செலுத்தினார். எட்டரைக்கு லேப் ஆள் வந்து ரத்தம் எடுத்தார். ஒன்பதரைக்கு வந்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எட்டு புள்ளி ஏழு. ஐந்தரையைத் தாண்டினாலே டாக்டர்கள் முகம் மாறும். எட்டுக்கு மேல் போனால் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம். அலறியடித்துக்கொண்டு ஓடி வந்து மருந்து கொடுத்தார்கள். மதியம் பார்த்தபோது அளவு சரியாக இருந்தது. உப்புநீர் ஆம்பூலும் பொட்டாசியம் ஆம்பூலும் ஒரே அலமாரியில், ஒரே பருமனில் இருக்கும் மருந்துக் குப்பிகள். சிஸ்டர் மாற்றிப் போட்டுவிட்டார் என்று வார்டு டாக்டர் எழுதிவிட்டார்.

"மாத்திப் போட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"பேரைப் படிச்சுட்டுத்தான் உடைச்சேன்." சிஸ்டர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, நான்தான் மாத்திட்டேனோன்னு எனக்கே தோணுது மேடம்."

அவசரம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவருடைய மனைவியின் பிரசவத்தின்போது கூடவே நின்று கையைப் பிடித்துக்கொண்டவர் இந்த சிஸ்டர்தான்.

"யாரோ வேணும்னே ஆம்பூலை மாத்தி வெச்சிருக்காங்க மேடம்! வார்டு டாக்டருக்கும் இவங்களுக்கும் ஆகாது."

"யாருக்கு யாரை ஆகாதுன்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல பேஷன்டைப் பார்ப்போம்."

தையல்காரம்மா கட்டிலில் சாய்ந்து, பக்கத்துப் படுக்கைக்காரியின் ரவிக்கைத் தையலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். மார்பில் இருந்த கட்டிக்காக ஆபரேஷன் செய்தபோது இடது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். திசுக்களில் சேரும் நீர் வடிய வழியில்லாமல் அந்தக் கை வீங்கியிருந்தது. கிருமியைத் தடுத்து நிறுத்தும் காவலும் அங்கே குறைந்துவிட்டது. எனவே, 'இந்தக் கையில் ஊசி கூடாது' என்று மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார்கள். எல்லா ஊசியும் வலது கைக்குத்தான். அதில் இரண்டு இடங்களில் ரத்தம் கட்டி மஞ்சள் பாரித்திருந்தது.

"அன்னிக்கு சிஸ்டர் மருந்து ஏத்துனப்ப கை எரிஞ்சுதாம்மா?"

"இல்லையே, ஜில்லுன்னு இருந்துச்சு."

"நெஞ்சு படபடன்னு அடிச்சுதா?"

"நான் பாட்டுக்கு டீ குடிச்சுட்டிருந்தேன். திடீர்னு பத்து பேர் ஓடி வந்தாங்க. அவங்களைப் பார்த்துத்தான் படபடப்பே வந்துச்சு!"

"ரத்தம் எடுத்தப்ப?"

"அதை ஏன் கேக்கறீங்க! ரெண்டு தடவை குத்தியும் ஒழுங்கா வரல. நான் அழுதுட்டேன். பாவம், அந்தத் தம்பிக்கும் கண்ணு கலங்கிடுச்சு. இனிமே குத்தலம்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

டாக்டரம்மா கோப்பைப் புரட்டினார். ஓடி வந்தவர்கள் மருந்துக்கு முன்பே எடுத்திருந்த இசிஜி அதில் இருந்தது. கோடுகள் ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியிருந்தன. ரிப்போர்ட்டில் பொட்டாசியத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். அதற்கு இரண்டு வரி கீழே கால்சியம் இரண்டு என்று இருந்தது. குறைந்தது ஒன்பது இருக்க வேண்டும்.

"இதை யாரும் பார்க்கலையா மேடம்?" என்றார் அவசரம்.

"மேல இருந்த எண்ணே எல்லாரையும் பயமுறுத்திடுச்சு."

லேப்பில் ரத்த மாதிரிகளை ஒரு வாரம் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். அன்று ரத்தம் எடுத்த லேப் ஆளே தேடி எடுத்துக் கொடுத்தார். இவர் குத்தினால் கொசு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது என்பார்கள். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க இவருக்குப் பெயர் கொசு. அந்தப் பெயரில் அவருக்கு அப்படியொரு பெருமை. தையல்காரம்மாவின் பெயரைக் கேட்டதும் மட்டும் முகம் வாடியது.

சிவப்பு மூடி டியூபில் ரத்தம் கோடு வரைக்கும் இருந்தது. ஊதா மூடி டியூபில் பாதிதான். டாக்டரம்மா சிவப்பு மூடியை மெல்லச் சாய்த்துப் பார்த்தார். அடியில் படிந்திருந்த ரத்தம் சரிந்து ஓடியது. இரண்டு டியூபையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டார்.

மூன்று மணிக்குக் கமிட்டி அறையில் சூப்பரின்டென்டென்ட், வார்டு டாக்டர், சிஸ்டர், கொசு எல்லாரும் இருந்தார்கள்.

"கை வழியா ஏறுற மருந்து இதயத்துக்குப் போய்ச் சேர அரை நிமிஷம்கூட ஆகாது," என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா. "ஆம்பூல் பொட்டாசியத்தை நேரா ஏத்தியிருந்தா ரத்தக்குழாய் நெருப்பா எரிஞ்சிருக்கும். இதயம் அப்பவே தடுமாறியிருக்கும். தையல்காரம்மாவுக்கு ஜில்லுன்னு இருந்துச்சாம். இசிஜியும் சுத்தம்."

"அப்ப ரிப்போர்ட் பொய்யா?" என்றார் வார்டு டாக்டர்.

"டியூப்ல இருந்ததைப் பத்தி அது உண்மையைத்தான் சொல்லுச்சு. உடம்புல ஓடினது அது இல்ல. கால்சியம் ரெண்டு டாக்டர். நிஜமா அப்படி இருந்தா கை காலெல்லாம் இழுத்துக்கிட்டிருக்கும். அவங்க டீ குடிச்சுட்டிருந்தாங்க."

வார்டு டாக்டர் ரிப்போர்ட்டை இழுத்து அந்த வரியைப் பார்த்தார்.

"ரத்தம் உறையணும்னா கால்சியம் வேணும். ஊதா மூடி டியூப்ல ரத்தம் உறையக் கூடாது. அதனால கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கிற ஒரு உப்பை அதுல தடவியிருப்பாங்க. அது பொட்டாசியம் கலந்த உப்பு. பொட்டாசியம், கால்சியம் பார்க்கிற சிவப்பு மூடியில எதுவும் கிடையாது. அதுல ரத்தம் கெட்டியா உறைஞ்சுடணும்." சிவப்பு மூடியைச் சாய்த்துக் காட்டினார். "நாலு நாளாச்சு. இன்னும் ஓடுது."

அவசரத்தால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "ஊதாவில இருந்து சிவப்புக்கு ஊத்திட்டாங்க!"

"ஆமா. எதுக்குன்னும் தெரியும். ஊதா நிறைஞ்சுது, சிவப்புக்குப் போதல. இன்னொரு தடவை குத்த மனசு வரல. அப்படித்தானே தம்பி?"

கொசு எழுந்து நின்றார்.

"அந்தம்மா அழுதாங்க மேடம். இருக்கிறது ஒரே கை, அதையும் நான் ரெண்டு தடவை குத்திட்டேன். ரெண்டும் ஒரே ஆளோட ரத்தம்தானேன்னு ஊத்தினேன். எந்த மூடிக்கு எந்த டெஸ்ட்டுன்னு சொன்னாங்க. உள்ள என்ன இருக்குன்னு யாரும் சொல்லல. இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா சிஸ்டரை இங்க நிக்க விட்டிருப்பேனா?" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"ரத்தம் போதலன்னா போதலன்னு எழுதிக் கொடுத்திருக்கணும். நீங்க இரக்கப்பட்டது தப்பில்ல, மறைச்சது தப்பு," என்றார் டாக்டரம்மா. வார்டு டாக்டர் பக்கம் திரும்பினார். "பொட்டாசியத்தை இறக்கறதுக்கு நாம போட்ட இன்சுலின்ல அவங்க சர்க்கரை ஐம்பதுக்குப் போயிருக்கு. அன்னிக்கு அவங்களுக்கு வந்த ஆபத்து அது ஒண்ணுதான்."

வார்டு டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து வந்து, "மன்னிச்சிடுங்க சிஸ்டர், விசாரிக்காம எழுதிட்டேன்," என்றார். சூப்பரின்டென்டென்ட் புகாரை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். ரத்தம் எடுப்பவர்கள் எல்லாருக்கும் டியூப்களைப் பற்றி வகுப்பு எடுக்கவும் உத்தரவு போட்டார்.

சிஸ்டர் வராந்தாவுக்குப் போனார். மறந்துவிட்டுப் போன கைப்பையைக் கொடுக்க அவசரம் பின்னாலேயே ஓடினார். சிஸ்டர் தூண் ஓரமாக நின்று வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சாங்க? இல்லைங்க, நாலு நாளா மருந்து கொடுக்க அனுப்பின மாதிரி இன்னிக்கு அவளைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட அனுப்பாதீங்க. சிரப்பை நானே வந்து அளந்து ஊத்தறேன்." ஒரு நிமிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆமாங்க. நானேதான்."