பின்னறைக்கு வந்த வாசகர்கள்

முதல் கடிதத்தில் பாராட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. அதுதான் சுசீலாதேவியை உறுத்தியது. கலேவெலயிலிருந்து ஒரு பாடசாலை ஆசிரியர் எழுதியிருந்தார்.

‘சென்ற இதழில் தாங்கள் எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு அந்த வீடியோ விளையாட்டை வாங்கினேன். குசினிக் கதவுக்கு அப்பால், பின்னறையில், சுவரைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கண்டதும் எழும்பி லைட்டைப் போட்டேன். முழு விளையாட்டிலும் சிறந்த இடம் அதுதான்.’

இரண்டு தரம் படித்தாள். அந்த விளையாட்டில் பின்னறை இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. கதிரையையும் பெண்ணையும் அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தை நிரப்புவதற்காக அவளே இட்டுக்கட்டி எழுதியவை அவை.

2008 ஒக்டோபர். மாத்தளை திருகோணமலை வீதியில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது மக்கீனின் கேம் கடை. நாலு டீவி, நாலு மெஷின், ஒரு கவுண்டர். கவுண்டரில் சுசீலாதேவி. ஆட்கள் இல்லாத நேரங்களில் அவளும் விளையாடுவாள். அப்படித்தான் எழுத்து வந்தது. கொழும்பிலிருந்து வரும் ஒரு தமிழ்க் கணினி மாத இதழில் அவளுக்கு ஒரு பக்கம். காட்சியைக் காட்டும் கமரா குடிகாரனைப்போல் ஆடினால் அப்படியே எழுதுவாள். ஒரே சாவியை மூன்று மேசை லாச்சிகளில் தேட வைத்தால், செய்தவருக்கு வேறு யோசனை வரவில்லை என்று எழுதுவாள். பத்துக்கு மூன்று, பத்துக்கு நாலு. அவள் ஆறு கொடுத்தால் அந்த டிஸ்க் கடையில் தீர்ந்துவிடும்.

பெண் பெயர் போட்டால் பையன்கள் படிக்கமாட்டார்கள், வேறு பெயர் கொடுங்கள் என்று இதழாசிரியர் கேட்டபோது தம்பியின் பெயரைக் கொடுத்தாள். ‘மாத்தளை அழகமுத்து’. அவன் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் கணக்கெழுதுகிறவன். வாழ்க்கையில் ஜொய்ஸ்டிக்கைத் தொட்டதில்லை. ஆனால் இதழைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவான். யாராவது கேட்டால் ஆமாம், நான்தான் என்பான். இரவில் வந்து அதைச் சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். தாயும் தகப்பனும் போன பிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

கடிதத்தில் சொன்ன இந்த விளையாட்டை எந்தக் கம்பனியும் செய்யவில்லை. யாரோ ஒரு தனி ஆள் செய்தது. எந்த நாடென்று தெரியாது. கண்டியிலிருந்து வந்த கள்ளக் கொப்பி டிஸ்க், மேலே மார்க்கர் பேனாவால் ஒரு வீட்டின் படம். விளையாடுகிறவரின் உருவம் திரையில் தெரியாது. அவருடைய கண் பார்ப்பது மட்டும் தெரியும். ஒரு வெற்று வீட்டில் அறை அறையாக நடக்கவேண்டும், அவ்வளவுதான். குசினியில், அடுப்புமேடைக்குப் பக்கத்தில், ஒரு பூட்டிய கதவு. இரண்டு நாள் சாவி தேடினாள். மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து பக்கத்தைக் கேட்டார்கள். கதவுக்கு அப்பால் ஒரு பின்னறையை எழுதினாள், ஒரு பெண்ணை உட்கார வைத்தாள். ‘அவள் திரும்பும்போது தெரியும் முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்’ என்று முடித்தாள். முடிவுவரை விளையாடாத விமர்சகர்கள் எல்லோரும் ஒளிந்துகொள்ளும் இடம் அது. பத்துக்கு எட்டு.

இதழாசிரியர் அனுப்பிய கடிதக்கட்டில் இன்னும் மூன்று இருந்தன. வெளியே மழை பிடித்திருந்தது. தகரக் கூரையில் அது விழும் சத்தம் ஒரே சீராக, நிறுத்த மறந்த மெஷினைப்போல் இருந்தது. கீழே இருந்து புதுத் துணியின் கஞ்சி வாடையும், வீதிக்கு எதிரே சாக்கில் கட்டிய கராம்பின் காரமும் படியேறி வந்தன.

இரண்டாவது யட்டவத்தையிலிருந்து, ஹிதாயா என்ற பெண். ‘முகத்தைப் பற்றி எழுதாமல் விட்டது நல்லது. ஆனால் அவள் கேள்வி கேட்பாள் என்று நீங்கள் எழுதியிருக்கலாம். உங்களை யார் அனுப்பினார்கள் என்று கேட்டாள். பதில் சொல்லத் திரையில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் உங்கள் பெயரைத் தெரிவு செய்தேன். அதற்குப் பிறகுதான் விட்டாள்.’

மூன்றாவது நாவுலயிலிருந்து. ‘அழகமுத்து எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். மாத்தளை என்று போட்டேன். பிழையில்லைதானே?’

நாலாவது தம்புள்ளையிலிருந்து. ‘நாம் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் வீடு, ஆறரைக்குப் போய்விடுவேன் என்று நீங்கள் கொண்டக்டரிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். வீடும் நேரமும் என்னவென்று அவள் கேட்டபோது அதைத்தான் கொடுத்தேன். விளையாட்டு அதோடு முடிந்துவிட்டது. அருமையான முடிவு.’

சுசீலாதேவி கடிதங்களைக் கவுண்டரில் வரிசையாக வைத்தாள். நாலு கையெழுத்து. நாலு ஊர். பெயர், ஊர், வீடு, நேரம். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் ஒரு தமிழ்ப் பையனின் பெயரையும் வீட்டையும் யாரோ யாருக்கோ சொல்லிக்கொடுப்பது எதில் போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

“மக்கீன் நானா, இதப் பாருங்க.”

மக்கீன் தொப்பியைப் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார். உதட்டசைத்துப் படித்தார்.

“நாலு பேரும் சேந்து ஒங்கள வச்சி விளாடுறாங்க தங்கச்சி. எட்டு மார்க் குடுத்தீங்கல்ல, அதுக்குத்தான்.”

“நாலு பேரும் நாலு ஊரு நானா. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நான் போகவே இல்ல. பொய்யா எழுதினேன்.”

“அப்ப ஒங்க பொய் உண்மையாகிருக்கு. அல்லாஹ் குடுத்த அதிஷ்டம்.” சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் குரலை இறக்கினார். “தம்பிக்கு ஒரு போன் அடிச்சிப் பாருங்களே. நான் மஹ்ரிபு தொழுதுட்டு வாறேன். ஆளில்லாட்டி மத்த மெஷினெல்லாம் நூத்துடுங்க, கரண்ட் பில் ஏறுது.”

அவர் படியிறங்கும் சத்தம் மழையில் கரைந்தது. மணி ஆறு ஐந்து. அழகமுத்துவின் போனுக்கு அடித்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடியும். கிடைக்கவில்லை. பஸ் மலைக்கு இடையில் வந்துகொண்டிருக்கும்.

கவுண்டருக்குப் பக்கத்து மெஷினில் டிஸ்க்கைப் போட்டாள். என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெளிவாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் போகவேண்டும். எழுதியது அவனில்லை, நான் என்று சொல்லவேண்டும். பைத்தியக்கார வேலை என்றும் தெரிந்தது. கை நிற்கவில்லை.

வீடு வந்தது. முன்பு போலவே வெறுமையான அறைகள், சாம்பல் நிறச் சுவர்கள், நடக்கும்போது தரைப்பலகை கிரீச்சிடும் சத்தம். அதைத் தவிர முன்பு வேறு சத்தமே இல்லாத அந்த வீட்டில் இப்போது மழை கேட்டது. கூரையில் விழும் மழையா, டீவியிலிருந்து வரும் மழையா என்று பிரித்துப் பார்க்க ஒலியைக் குறைத்தாள். இரண்டும் சேர்ந்து குறைந்தன. மறுபடி கூட்டினாள். இரண்டும் சேர்ந்து ஏறின.

குசினி. கதவு திறந்திருந்தது.

அவள் எழுதிய அறை அங்கே இருந்தது. எழுதியபடியே. ஒற்றை யன்னல், உப்புப் பூத்த சுவர், சுவரைப் பார்த்த கதிரை. கதிரையில் யாரும் இல்லை.

திரையின் கீழே எழுத்துகள் வரிசையாக எழுந்தன. மேலே ஆங்கிலத்தில் ஒரே கேள்வி. உங்களை யார் அனுப்பியது?

ஒவ்வோர் எழுத்தாகத் தெரிவு செய்தாள். பெருவிரல் வியர்த்து வழுக்கியது. இருமுறை பிழைத்துத் திரும்ப வந்தாள். சுசீலாதேவி. எழுதியது நான். அழகமுத்துவுக்கு ஒன்றும் தெரியாது.

எழுத்துகள் மறைந்தன. நேரம் எடுத்தது. பிறகு பதில் வந்தது.

அந்தப் பெயர் பத்திரிகையில் இல்லை.

அறையின் மறுபக்கத்தில் இன்னொரு கதவு திறந்து கிடந்தது. அதை அவள் எழுதவில்லை. அதற்கு வெளியே மழையும் இருட்டும் ஏறிப்போகும் சீமெந்துப் படிகளும். காட்சி நகர்ந்தது. படிகளை ஏறியது. குனிந்து கையைப் பார்த்தாள். ஜொய்ஸ்டிக் மடியில் கிடந்தது. விரல் அதில் இல்லை.

இடது பக்கம் ஒரு பெரிய கறுப்பு உருவம் கடந்துபோனது. தண்ணீர்த் தாங்கி.

அந்தப் படிகளில் தினமும் ஏறுகிறவள் அவள்.

எழும்பி மெஷினின் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. படம் போகவில்லை. டீவியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். படம் போகவில்லை. மழை போகவில்லை. படிகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கீழே போயின.

கவுண்டரில் போன் அடித்தது. கத்திவிட்டாள்.

“ஹலோ, பிரபல விமர்சகர் பேசுறேன்,” அழகமுத்துவின் குரல், சிரிப்போடு. “என்னக்கா, ரெண்டு தரம் அடிச்சிருக்கீங்கன்னு மெசேஜ் வந்திருக்கு? கடையில கள்ளன் பூந்துட்டானா?”

“எங்கடா இருக்க?”

“வீட்லதான். இப்பதான் வந்தேன். நாய் மாதிரி நனைஞ்சிட்டேன். கரண்ட் வேற இல்ல. நீங்க வரக்குள்ள மெழுகுதிரி வாங்கிட்டு வாங்க.”

“முத்து, முன்கதவப் பூட்டு.”

“ஏன்?”

“பூட்டுடா!”

சிரிப்பு நின்றது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவனின் குரல் தணிந்திருந்தது. “பூட்டிட்டேன். என்னக்கா? செக்கிங்கா? யாரும் கடைக்கு வந்து கேட்டாங்களா?”

“யார் வந்தாலும் தெறக்காத. பேர் கேட்டா சொல்லாத. நான் மக்கீன் நானாவக் கூட்டிக்கிட்டு வாரேன்.”

“பொலிஸா? ஐடி எல்லாம் இருக்கேக்கா, நான் என்னத்தச் செஞ்சேன்?”

“நீ ஒண்ணும் செய்யல. பின்கதவு?”

“சாத்தித்தான் இருக்கு. இருங்க, கொண்டியப் போடுறேன்.”

ரிசீவரில் அவன் நடக்கும் சத்தம், ஈரக் கால் சீமெந்தில் ஒட்டி எழும் சத்தம். திரையில் இன்னொரு நடை. நனைந்த துணிக்கொடி. கவிழ்த்து வைத்த வாளி. அவர்களுடைய பின்கதவு, வெளிப்பக்கத்திலிருந்து.

கொண்டி விழுந்தது. காதில் கேட்டது.

திரையில் கீழிருந்து ஒரு கை எழுந்தது. விரல்களை மடக்கியது. தட்டியது.

ரிசீவரில் மூன்று தட்டு.

“அக்கா,” அவன் கிசுகிசுத்தான். “பின்னால யாரோ தட்டுறாங்க.”

“தெறக்காத.”

“மழைக்குள்ள யாரு…”

“பேசாத. மூச்சு விடாத. முத்து, நான் சொல்றதக் கேளு.”

மீண்டும் மூன்று தட்டு. மழை. கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் திரைக்குள்ளும் ஒரே மழை.

பிறகு கதவுக்கு வெளியே ஒருத்தி கூப்பிட்டாள். தெளிவாக. கொஞ்சம் சலிப்போடு, வேலை முடிந்து களைத்து வந்தவளைப்போல.

“முத்து.”

சுசீலாதேவி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவளுடைய குரல் அங்கே, கதவுக்கு வெளியே இருந்தது.

அழகமுத்து வாய்விட்டுச் சிரித்தான். பயம் விட்டுப்போன சிரிப்பு. “அட! வாசல்ல நின்னுக்கிட்டா போன் பேசுறீங்க? என்னமா பயங்காட்டிட்டீங்க அக்கா, உசிரே போயிருச்சி!”

கொண்டி விலகியது.

“நான் கடையில இருக்கேன்டா!” இப்போது வந்தது குரல், கிழிந்துகொண்டு. “முத்து, நான் கடையில!”

திரையில் கதவு திறந்தது. அவன் நின்றான். நனைந்த தலை, ஒரு கையில் போன், காதோடு. சிரித்துக்கொண்டிருந்தான். அவள் கத்தியது அப்போதுதான் அவன் காதுக்குள் போயிற்று. கண் மட்டும் மாறியது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். நிமிர்ந்து முன்னால் பார்த்தான். வாய் இன்னும் சிரித்தபடியே இருந்தது. அதை மாற்ற அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

காட்சி வாசற்படியைத் தாண்டியது. அவன் பின்னால் நகர்ந்தான். ஓரடி. இன்னும் ஓரடி. திரை மெதுவாகத் திரும்பிக் கதவைக் காட்டியது. கதவு சாத்தப்பட்டது. நிதானமாக, வீட்டுக்காரி சாத்துவதைப்போல.

உள்ளிருந்து கொண்டி விழும் சத்தம் ரிசீவரில் கேட்டது. திரையில் அதைப் போட்ட கை அழகமுத்துவின் கை இல்லை.