தாசையனின் பதிலாள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாசையன் வேறு எதை மறந்தாலும் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொள்ள மறப்பதில்லை. சபை வாசலில் கை கொடுக்க வேண்டுமே! உப்பளத்தில் முப்பது இயந்திரங்களை மேய்க்கிற மனுஷனுக்கு, அந்த வாசலைக் கண்டால் மட்டும் கை வியர்த்துவிடும்.

வாசலில் செல்லக்கனி நின்றாள். கால்வாயில் ஓடம் விடுகிறவள். அவள் பிடி இரும்புப் பிடி. "தோத்திரம்ண்ணே" என்று அவர் கையைப் பற்றி ஒரு குலுக்குக் குலுக்கினாள். "சதையும் எலும்பும்தான், சந்தேகமே இல்ல. உள்ள போங்க."

இந்தக் கைகொடுத்தலை வைத்துத்தான் ஊர்க்காரர்கள் அவர்களுக்கு 'தொட்டுப் பார்க்கிற கூட்டம்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அதில் கொஞ்சம் கேலி, கொஞ்சம் அருவருப்பு. தூத்துக்குடியில் இப்போது யார் யாரைத் தொடுகிறார்கள்? கடல் பாதி ஊரை விழுங்கிவிட்டது. விமானங்கள் நின்றுபோய் ஒரு தலைமுறை ஆகிறது. வெயிலில் நடந்து பக்கத்துத் தெருவுக்குப் போவதே பெரும்பாடு. அதனால் வீட்டுக்கு வீடு, அறைக்கு அறை, கூரையில் ஒளிக்குழல் பொருத்தியிருந்தார்கள். வீட்டில் இருந்தபடியே எந்த ஊரிலும் ஒளியுருவாகப் போய் நிற்கலாம். முகச் சுருக்கம், கண்ணோரத்து ஈரம்வரை அப்படியே தெரியும்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்து வந்ததுதான் பதிலாள். நம் முகம், குரல், இருமல், அசட்டு ஜோக்குகள் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு, நமக்குப் பதிலாக ஒளியுருவில் போய்ப் பேசிவிட்டு வரும். சம்பந்தி வீட்டில் துக்கமா? மேனேஜரோடு தகராறா? கோபித்துக்கொண்ட மனைவியைச் சமாதானப்படுத்த வேண்டுமா? அனுப்பு பதிலாளை! நீ காலை நீட்டிப் படுத்துக்கொள். எதிரே இருப்பது ஆளா பதிலாளா என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் கூடாது. 'நீங்கதானா?' என்று கேட்பது முகத்தில் துப்புவதற்குச் சமம். அதற்குக் கேளா மரியாதை என்று பெயர். முதலில் பழக்கமாக இருந்தது, பிறகு சட்டமாகவே வந்துவிட்டது.

சபையில் மட்டும் கேட்பார்கள். வாயால் அல்ல, கையால். சென்ற வருஷம் வேதநாயகம் என்றொரு சகோதரர், தான் பதிலாளை அடியோடு விட்டுவிட்டதாக எல்லாரும் அழும்படி சாட்சி சொன்னார். சாட்சி முடிந்ததும் ஆனந்தக் கண்ணீரோடு கை கொடுக்கப் போன பாஸ்டரின் கை, சகோதரரின் வயிற்றுக்குள் புகுந்து முதுகுப் பக்கம் வந்தது. சாட்சி சொல்லக் கூச்சப்பட்டு, வாசலில் கை கொடுக்காமல், கூரையில் கழற்றாமல் கிடந்த பழைய ஒளிக்குழல் வழியாகப் பதிலாளை அனுப்பியிருக்கிறார், பாவி மனுஷன்! அடுத்த வாரம் அவரே வந்து, திக்கித் திணறி, நாலே வாக்கியம் சொன்னார். தாசையன் அன்று சிரிக்கவில்லை. தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவருக்குத் தெரியும்.

அவர் பிறப்பால் கிறிஸ்தவர்தான். ஆனால் கிறிஸ்மஸ் ஆராதனைக்குக்கூடப் பதிலாளை அனுப்பிவிட்டு வீட்டில் பிரியாணி சாப்பிட்ட கிறிஸ்தவர். ரூபவதி சாகும்வரை அப்படித்தான் இருந்தார். ரூபவதி அவர் மனைவி. கடைசி மாதம் முழுக்க வலியில் துடித்தாள். அதைப் பார்க்கத் தாங்கவில்லை அவருக்கு. கட்டிலுக்கு மேலே ஒளிக்குழல் இருந்தது. பதிலாளை அவள் அருகில் உட்காரவைத்துவிட்டு, இவர் அடுத்த அறையில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார். ஒரே வீட்டில், ஒரே ஒரு சுவருக்கு இந்தப் பக்கம்! 

கடைசி நாளில் ரூபவதி கையை நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனின் கையைப் பிடிக்கப் பார்த்தாள். கை காற்றில் போயிற்று. மறுபடி நீட்டினாள், மறுபடியும் காற்று. மகள் பியூலா, தென்துருவக் கடலில் மிதக்கும் நகரத்திலிருந்து ஒளியுருவாக வந்து, எதிரே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அடக்கம் முடிந்ததும் இணைப்பைத் துண்டித்தவள்தான், இரண்டு வருஷமாக அப்பாவோடு பேச்சே இல்லை.

அதற்குப் பிறகுதான் தாசையன் சபைக்கு வந்தார். ஆண்டவருக்கு முன்னால் முழங்கால்படியிட்டு, இனி எந்த மனுஷன் முன்னாலும் நானே போவேன் என்று வாக்குக் கொடுத்தார். ஆனால் கம்பெனிக்காரர்கள் பதிலாளை உடனே அழிப்பதில்லை. ஜனங்கள் மனசு மாறுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆறப்போடும் காலம் என்று பல வருஷம் வைத்து, அதுவரை உறங்கப்போடுவார்கள். 'எழும்பு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடி நமக்குப் பதிலாகப் போகும். இடையிடையே அதுவாகவே கண் விழித்து, உதவி வேண்டுமா என்று கேட்கும். பல் வலிக்கும்போது நாக்கு அந்தப் பல்லையே போய்த் தொடுகிற மாதிரி, அவர் மனசும் அந்த வார்த்தையையே போய்த் தொட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஆராதனை முடிந்து வெளியே வந்தவர், செல்லக்கனியிடம் மணிக்கட்டுத் திரையைக் காட்டினார். பியூலாவிடமிருந்து செய்தி. 'பிள்ளை பிறந்து மூணு மாசம் ஆகுது. சாயங்காலம் நாலு மணிக்கு வாரேன். ஒரு தடவை பேசிப் பாப்போம்.'

"அடி ஆத்தே! பேரப்பிள்ளையா?" செல்லக்கனி முகமெல்லாம் பல்லாக நின்றாள். "அப்புறம் ஏன்ணே மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒரு தடவைன்னு சொல்லிருக்கா, பாத்தியளா? இதுல சொதப்பிட்டா அவ்வளவுதான். எனக்குப் பேச வராதும்மா. பயந்தா வாய்க்கு வந்ததை உளறிருவேன்."

செல்லக்கனிக்குப் புரிந்துவிட்டது. அவளும் ஒரு காலத்தில் மாமியாருக்குப் பதில் சொல்ல ஒன்பது வருஷம் பதிலாளை வைத்திருந்தவள்தான். "அது முழிச்சிருச்சா?"

"இன்னும் இல்ல. ஆனா முழிக்கும்."

"எனக்கும் முழிக்கும்ணே, இப்பவும். மாமியா செத்து நாலு வருஷமாச்சு, அது போகமாட்டேங்கு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நாலு மணிக்கு நான் ஓடத்துலதான் இருப்பேன். துடுப்பு போட்டுக்கிட்டே ஜெபம் பண்ணுதேன். விழுந்துட்டாலும் என்ட்ட வந்து சொல்லுங்க. விழலைன்னாலும் சொல்லுங்க."

மத்தியானம் மீன்குழம்பு அப்படியே இருந்தது. தட்டை ஒதுக்கிவிட்டு ஹாலில் உட்கார்ந்தார். எதிர்பார்த்தபடியே கூரையில் ஒளிக்குழல் மெல்ல மினுங்கியது. எதிரே அவரே நின்றார். அவரைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து, முடியைப் படிய வாரி, நிதானமான கண்களோடு.

"தொந்தரவு பண்ண வரல" என்றது பதிலாள். அவர் குரல்தான், ஆனால் நடுக்கம் இல்லாத குரல். "பியூலா வாரா. எப்படிப் பேசணும்னு யோசிச்சு வச்சிருக்கேன். கேட்டுட்டு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க."

"வேண்டாம். போ."

"போறேன். ஒரே ஒரு கேள்வி. இது உங்க கடைசி வாய்ப்பு. நீங்க பேசுனா அவ மனசு உடையும்னு உங்களுக்கே தெரியும். நான் பேசுனா ஆறும். உங்க மகளுக்கு ஆறுதல் கிடைக்கணுமா, இல்ல நீங்க சுத்தமா இருந்தேன்னு சபையில சொல்லிக்கணுமா?"

  பாவம் இப்படி அன்பு வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்று தாசையன் நினைக்கவில்லை. குடிக்க வா என்று கூப்பிட்டிருந்தால் போடா என்றிருப்பார். இது மகளுக்காக வா என்று கூப்பிடுகிறதே! தன் வாக்குறுதியே சுயநலமோ என்று ஒரு சந்தேகம் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டது.

"சரி. சொல்லு, கேக்கேன்" என்றார். அந்த ஒரு அடியை எடுத்து வைத்திருக்கக் கூடாது. எடுத்து வைத்துவிட்டார்.

பதிலாள் காலி நாற்காலியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தது. அம்மாடி, என்ன பேச்சு! பியூலா சின்னப் பிள்ளையில் உப்புக் குவியலில் சறுக்கி விளையாடியது, ரூபவதி திட்டிக்கொண்டே தலை துவட்டியது, இவர் ஒளிந்து நின்று சிரித்தது. எதை எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொன்னது. குரல் உடைய வேண்டிய இடத்தில் அளவாக உடைந்தது. கேட்டுக்கொண்டிருந்த தாசையனே தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதைவிட நன்றாக யாரால் மன்னிப்புக் கேட்க முடியும்? மணி நாலை நெருங்கியது. 'எழும்பு' என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. முதல் எழுத்துக்கு வாயும் திறந்துவிட்டது.

பதிலாள் கடைசியாகக் குனிந்து, நாற்காலியைத் தொடுவதுபோல் கையை நீட்டிச் சொன்னது: "நான் இங்கதான இருக்கேன் மக்கா. எங்கயும் போகல."

 அதே சொல், அதே இழுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம், ரூபவதி முனகியபோதெல்லாம் இதே குரல்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நான் இங்கதான இருக்கேன் என்று. இவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். பொத்திய காதுக்குள்ளும் அது கேட்டது. எவ்வளவு நல்ல வார்த்தை! சொன்னவன் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

"போதும்" என்றார். எழுந்து நின்றார்.  "நீ நல்லாத்தான் பேசுத. என்னைவிட நல்லாப் பேசுத. ஆனா நீ அங்க இருக்கமாட்ட."

"அவளுக்கு அது தெரியப்போறதில்ல."

"அவளுக்குத் தெரிஞ்சது. கை காத்துல போனதை அவ பாத்தா. நீ தூங்கு."

ஒளி அணைந்தது. ஹால் வெறுமையாக இருந்தது. தாசையன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, எனக்குப் பேச வராது. உமக்குத் தெரியும்ல. என்னை ஓடிப்போகாம மட்டும் பாத்துக்கிடும்" என்றார். அதற்கு மேல் ஜெபிக்க நேரமில்லை. கூரை மறுபடி மினுங்கியது.

பியூலா நின்றாள். இளைத்திருந்தாள். தோளில் துணிச் சுருளாக ஒரு பிள்ளை.

"நல்லாருக்கியளாப்பா?"

"ம்." அவ்வளவுதான் வந்தது. பதிலாள் சொன்ன உப்புக் குவியல், தலை துவட்டல் எல்லாம் எங்கே போயிற்றோ! "பிள்ளை... ரொம்பச் சின்னதா இருக்கே. பால் ஒழுங்கா குடிக்கா?"

பியூலாவின் முகம் சுருங்கியது. போச்சு, ஆரம்பமே கோணல். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பேச்சு நின்றுவிட்டது. பதிலாள் என்றால் இப்படி மௌனத்தை நீள விடாது, இதமாக ஏதாவது சொல்லி நிரப்பிவிடும். தாசையன் நிரப்பவில்லை.  ஓடவும் இல்லை.

"உங்கம்மை பக்கத்துல நான் இல்ல" என்றார் திடீரென்று. "அடுத்த ரூம்ல கெடந்தேன். அவ கத்துனது கேட்டுச்சு. பயமா இருந்துச்சு பியூலா. என் பொண்டாட்டி சாகும்போது நான் பயந்துக்கிட்டு, காதைப் பொத்திக்கிட்டு... நாய்கூட அப்படிச் செய்யாது. மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு வாய் இல்ல. ஆனா கேக்கேன்."

மூக்கு ஒழுகியது. துண்டைத் தேடினார், கிடைக்கவில்லை, சட்டைக் கையால் துடைத்தார். பியூலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 

"கேக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நான் கேக்கலப்பா." அழுகையும் சிரிப்புமாக அவள் குரல் குழறியது. "உங்க பதிலாளுக்கு இவ்வளவு கேவலமாப் பேச வராது."

"வராது. அது நல்லாப் பேசும்."

"மன்னிச்சிட்டேன்னு இன்னைக்கே சொல்ல முடியல."

"சொல்ல வேண்டாம் மக்கா. மறுபடியும் பேசு, போதும்."

அவள் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி அவர் பக்கம் திருப்பினாள். "ரூபின்னு பேர் வச்சிருக்கோம்" என்றாள். ரூபவதியின் பெயர். தாசையன் குனிந்தார். பிள்ளை கொட்டக் கொட்ட விழித்து, அவர் மூக்கைப் பார்த்து, மெல்லக் கையை நீட்டியது. குட்டி விரல்கள் அவர் முகத்துக்குள் புகுந்து காற்றைப் பிடித்தன. மறுபடி நீட்டியது. மறுபடியும் காற்று. பிள்ளை உதட்டைப் பிதுக்கிற்று.

தாசையனும் பியூலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கட்டில்தான் ஞாபகம் வந்தது.

"தாத்தா அங்க இருக்காரு ரூபி" என்றாள் பியூலா, பிள்ளையின் காதருகே. "நிஜமாவே இருக்காரு. ஆனா ரொம்பத் தூரத்துல."

"கப்பல் எத்தனை நாளுல அங்க வரும்?" என்றார் தாசையன்.

"ரெண்டு மாசம் ஆகும்ப்பா. கடல் மோசமா இருக்கும். உங்களுக்கு வாந்தி வரும், பஸ்ஸுக்கே வருமே."

"வரட்டும்" என்றார்.

அவள் போன பிறகும் கூரையில் ஒளி ஒருமுறை மினுங்கியது. பயண விசாரிப்புகளைத் தான் பேசி முடித்துவிடலாமா என்று பதிலாள் பணிவாகக் கேட்டது. அது இனியும் கேட்கும், கப்பலில் வைத்தும் கேட்கும். தாசையன் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டார். வெயில் இன்னும் தாழவில்லை. சீட்டு எடுக்கத் துறைமுகத்துக்குப் போகிற வழியில் கால்வாய்க் கரையில் செல்லக்கனியின் ஓடம் நின்றது. அவள் துடுப்பைப் போட்டுவிட்டு எழுந்து, என்ன ஆயிற்றென்று கேட்காமல், கையை நீட்டினாள். அவர் துடைத்துக்கொள்ளாமலே கொடுத்தார்.