ஏகப்பன் பெயரில் விழுந்த ஓட்டு

"உங்க ஓட்டு காலையிலேயே விழுந்துருச்சுங்க..."

சொல்லிவிட்டு நிமிர்ந்த முத்தழகு ஒரு நொடி திகைத்துப் போனாள். எதிரே நின்றவனின் கண்கள்... அப்பப்பா! ஒரு வாரம் தூங்காதவை போலச் சிவந்து, ஆனாலும் எதையோ ஆசை ஆசையாய் எதிர்பார்த்து வந்த கண்கள். அவள் சொன்ன ஒரு வார்த்தையில் அந்த ஆசை அணைந்ததை அவளே பார்த்தாள்.

"விழுந்துருச்சா? நான் இப்பத்தான டீச்சர் வாரேன்!"

"ஏகப்பன், அந்தப் பெரிய வீடு... கோடு போட்டிருக்கு, பாருங்க. காலையில இருந்து இப்படி ரெண்டாந்தடவை வந்தவுக எத்தனை பேரு தெரியுமா?"

"அப்ப நான் கள்ள ஓட்டுக்காரனா? விரலப் பாருங்க! மை இருக்கா?"

மை இல்லை. நீளமான, மெலிந்த விரல். முத்தழகுக்கு ஏனோ சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது...

எழுபத்தேழு மார்ச் மாதம். நாச்சியாபுரம் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. கண்டரமாணிக்கத்தில் பாடம் நடத்துகிற அவளை, பட்டியலில் பெயர் தேடிக் கோடு போடும் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். காலையிலிருந்து கோடு போட்டுப் போட்டு இடுப்பு விட்டுப் போயிருந்தது. வயது இருபத்தேழு. மூன்று முறை பெண் பார்க்க வந்து, பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, போய்க் கடிதம் போடுகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். அவளுக்கு வீட்டின் மேலும் நம்பிக்கை இல்லை, நாட்டின் மேலும் இல்லை. யார் வந்தால் என்ன, நாளைக்கும் அதே பஸ்தானே!

சாவடித் தலைமை அதிகாரி சத்தியமூர்த்தி எழுந்து வந்தார். அவரிடம் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"மெட்ராஸ்ல அச்சாபீஸ்ல இருந்தேன் சார். எமர்ஜென்சியில ஒரு நோட்டீஸுக்குப் புரூப் பாத்ததுக்குப் பதினொரு மாசம் உள்ள வச்சுட்டாக. இந்த ஒத்த ஓட்டப் போடணும்னுதான் ஊருக்கே திரும்பி வந்தேன்..."

"தனிச் சீட்டு ஒண்ணு தாரேன். குத்தி மடிச்சு எங்கிட்டக் குடுங்க. உறையில வச்சு ஒட்டிருவோம்."

"எண்ணுவீகளா?"

"கோர்ட்டு கேட்டாத்தான்..."

அவன் சிரித்தான். அழுதிருந்தால்கூட முத்தழகுக்குத் தேவலையாக இருந்திருக்கும். யாரும் எண்ணவே போகாத அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மறைவுக்குள் போனவன், வெகுநேரம் கழித்து, ஓரம் பிசகாமல் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். போகிற போக்கில், பெஞ்சியில் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்டு மாயக்கண்ணனை ஒரு பார்வை பார்த்தான். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இப்போது ஆளுக்கொரு கட்சி.

"நல்லா இருப்பா நீயி," என்றான். மாயக்கண்ணன் ஒன்றும் விளங்காமல் விழித்தான்.

சாவடி மூடியபின் பட்டியலைச் சரிபார்த்தபோதுதான் முத்தழகு தன் தப்பைக் கண்டாள். செட்டியார் வீடுகளில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். அண்ணன் தம்பி இருவருக்கும் தலைப்பிள்ளை ஆணாகிவிட்டால், ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர்! பட்டியலில் ஏகப்பன், தகப்பனார் சாத்தப்பன். அதற்கு அடுத்த வரியிலேயே ஏகப்பன், தகப்பனார் முத்தப்பன். காலையில் வந்தவர் முத்தப்பன் மகன், விடுமுறைக்கு வந்திருந்த பினாங்குக்காரர்; அவரே சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருக்குப் போட வேண்டிய கோட்டை இவள் சாத்தப்பன் மகனுக்குப் போட்டிருந்தாள்.

"சார்... தப்பு நம்ம பக்கம்."

சத்தியமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலியில போற ஓணான எடுத்து ஏம்மா மடியில விட்டுக்கிற? எழுதிக் குடுத்தா உனக்குத்தான் மெமோ வரும். வேலை வேற இன்னும் நிரந்தரமாகல. ஒத்த ஓட்டுல என்ன ஆகிப்போச்சு, விடு."

விட்டுவிட்டாள். அவ்வளவு அலுப்பு அவளுக்கு.

முடிவு வந்தது. டெல்லியில் ஆட்சி கவிழ்ந்தது. இந்தப் பக்கமோ அதே ஆட்சிக்காரர்களின் கூட்டணிக்கே ஓட்டு விழுந்திருந்தது. டீக்கடைக்கு டீக்கடை, இனி நாடு உருப்படுமா உருப்படாதா என்று ஒரே வழக்கு. அவள் வீடு திரும்பும் சாயங்கால பஸ்ஸில் நாச்சியாபுரத்தில் ஏறி, காரைக்குடி நூலகத்துக்குப் போக ஆரம்பித்திருந்தான் ஏகப்பன்.

"என்ன டீச்சர், இன்னைக்கு எத்தனை பேருக்குக் கோடு போட்டீக?"

"பத்துப் பேருக்கு. எல்லாம் கணக்குல முட்டை."

"நல்லவேளை, நான் ஒங்க வகுப்புல இல்ல..."

இப்படித்தான் ஆரம்பித்தது. பஸ் குலுக்கலில் நான்கு வார்த்தை, ஐந்து வார்த்தை. பிறகு அவன் ஏறாத நாளில் ஜன்னல் வழியே அவள் கண்கள் தேடின. ஏனடி தேடுகிறாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்தே கேட்டாள்!

ஒருநாள் துணிந்து கேட்டாள். "நீங்க நெனச்ச மாதிரி டெல்லியில மாறிருச்சே... சந்தோஷந்தான?"

"ரேடியோவுல கேட்டப்போ அழுகையே வந்துருச்சு, டீச்சர். அப்புறம் யோசிச்சேன். கூடப் படிச்சவன் மாயக்கண்ணன், ஒரே தட்டுல சோறு தின்னவன், ஆள வச்சு என் ஓட்டப் போட்டுட்டான். மேல இருக்கவுக மாறி என்ன? கீழ நாம இப்படி இருந்தா எங்குட்டு உருப்படுறது? பினாங்குல அண்ணன் கூப்பிடுறாக. திங்கக்கிழமை கிளம்புறேன்."

அன்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால்... ஒரு மெமோவுக்குப் பயந்து, ஒரு மனிதனின் நட்பையும் நம்பிக்கையையும் சேர்த்தல்லவா கொன்றிருக்கிறாள்!

ஞாயிற்றுக்கிழமை மாலை. கோடை மழை பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரையில் சடசடத்துக்கொண்டிருந்தது. அவள் நாச்சியாபுரத்தில் இறங்கி, ஒரு சிறுமியிடம் சொல்லி அனுப்பினாள். அவன் குடையில்லாமல் ஓடி வந்தான். இமைகளில் மழைத்துளி... பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

"ஒங்க ஓட்ட யாரும் திருடல. நாந்தான் வரி மாறிக் கோடு போட்டேன். ஒங்க பேரே உள்ள பினாங்கு அண்ணனுக்குப் போட வேண்டியது. மாயக்கண்ணன் மேல ஒரு குத்தமும் இல்ல."

அவன் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டான்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேவா! அவன் எங்கிட்டப் பேச வந்தான், டீச்சர்... மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவச் சாத்துனேன்." அவன் ஓர் அடி பின்வாங்கினான். "இத்தன நாளும் எங்கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டே இருந்தீகளே!"

"பேசுனேன். அதான் பொறுக்க முடியல. நேத்து மேலிடத்துக்கு எழுதிப் போட்டுட்டேன். வேலை போனாலும் போகட்டும்."

அவன் மழையைப் பார்த்தபடி நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டவில்லை.

"நாளைக்கு நான் போயிருப்பேன். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. எதுக்கு வந்து சொன்னீக?"

"நாடு உருப்படுமான்னு எனக்குத் தெரியாதுங்க. எனக்கு அம்புட்டு நம்பிக்கையும் கெடையாது. ஆனா..." அவன் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். "எம் பொய்ய நம்பி நீங்க போயிரக் கூடாது. நீங்க போகவே கூடாது."

அவன் முகத்தில் ஏதோ மெல்ல இளகியது.

"முதல்ல மாயக்கண்ணன் வீட்டுக்குப் போகணும்," என்றான். பிறகு தயங்கி, "எங்க ஆத்தா இத ஒத்துக்கிற மாட்டாக. செட்டி வீட்டுக்கு வேற சாதிப் பொண்ணான்னு ஊரே கேட்கும். ஒங்க அய்யா கோட்டைச்சாமிகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. ஆனா செஞ்ச தப்பையே வாயத் தொறந்து சொல்லிட்டேன்..." அவள் முதன்முறையாக அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "இதுல தப்பு ஒண்ணுமே இல்லையே."