பின்னறையில் நீர் தெளிப்பவர்

பின்னறையில் யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

சமையலறைத் தரையில் குந்தியிருந்த லீலாதேவி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஸ்ஸ்… ஸ்ஸ்… அவளுடைய கணவர் நவரட்ணராஜா தன் மரப்பல்லிகளுக்கு இலைகளை நனைத்துவிடும் அதே ஓசை. ஆனால் அவர் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கொழும்புக்குப் போனவர். இன்று செவ்வாய். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம். கொழும்பு எரிகிறது என்று ரேடியோ சொல்லாததையெல்லாம் அயல் சொல்லியிருந்தது. பின்னறைச் சாவி அவளுடைய இடுப்பில்தான் இருந்தது.

கப்பலில் வேலை செய்த நண்பர் கொண்டுவந்து கொடுத்த ஒரு சோடிப் பல்லியில் பிடித்த பைத்தியம் அது. ஐந்து வருடத்தில் ஒன்பதாகப் பெருகிவிட்டன. ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண் நீளம். சாம்பல் உடம்பில் செம்புள்ளி. கொய்யாக் கிளையும் மூங்கில் குழாயும் வைத்த கம்பிவலைப் பெட்டிகளில் வளர்த்தார். மூங்கிலில் ஒட்டிய முட்டைகளைப் பெரியவை தின்றுவிடாமல் வலைக்கிண்ணம் கவிழ்த்து, இட்ட நாளைப் பென்சிலால் குறித்துவைப்பார். அவர் உள்ளே போனால் போதும், பகலென்றும் பாராமல் நாய்க்குட்டிகள் மாதிரிக் குரைக்கும். வேறு எவருக்கும் வாய் திறவா.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஸெய்னுலாப்தீன் பூட்டும் கையுமாக வந்திருந்தார்.

"தங்கச்சி, கண்டி டவுன்ல கடையெல்லாம் பத்துது. முன்கதவை வெளியால பூட்டுறன். ஆளில்லாத வீடு மாதிரி இருங்க. மூச்சுக் காட்டாதீங்க."

"ஓம் நானா. இவர் வந்தால் பூட்டைப் பாத்திட்டுத் திரும்பிப் போயிடுவாரே?"

அவர் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே ஒழிய அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அத நான் பாத்துக்கொள்றன்."

ஐந்து மணிக்கே மழை இருட்டு வீட்டை மூடிவிட்டது. சாத்திய ஜன்னல் இடுக்குகளால் ரயர் எரியும் நெடி வந்தது. சந்திப் பக்கம் கண்ணாடி நொறுங்கியது. பல குரல்கள் ஒரே குரலாகி ஒழுங்கைக்குள் திரும்பின. அப்போதுதான் பின்னறையில் ஒரு பல்லி குரைத்தது. இன்னொன்று. பிறகு எல்லாம்.

தெருவுக்கே கேட்கும்.

அவள் நுனிக்காலில் ஓடினாள். சாவியைப் போட்டுத் திருகினாள். பூட்டு திறந்தது.

குரைப்பு நின்றது.

உள்ளே ஆளில்லை. பெட்டிகள் எல்லாம் திறந்து கிடந்தன. கொய்யா இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. சுவரில் பல்லிகள் இல்லை. கூரையில் இல்லை.

அறையின் நடுவில், வெறும் காற்றில், ஒட்டிக்கொண்டிருந்தன. தலை உயரத்தில் ஒன்று. தோள் உயரத்தில் இரண்டு. மார்பில் நான்கு. கைகள் தொங்கும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்று. ஒன்பதும் மெல்ல ஏறி மெல்ல இறங்கின. யாரோ மூச்சு விடுவதுபோல.

வெளியே கேற் கிறீச்சிட்டது.

அவள் வாய் திறந்தாள். கத்துமுன் ஓர் உள்ளங்கை அதை மூடியது. ஈரமான கை. கருகிய தோலின் நெடி. அந்த விரல்களை அவளுக்குத் தெரியும்.

முன்கதவுப் பூட்டை எவனோ ஆட்டிப்பார்த்தான். ஆளில்லை என்று சிங்களத்தில் சொன்னான். காலடிகள் விலகின. அடுத்த ஒழுங்கை. அதற்கும் அப்பால். பிறகு மழை மட்டும்.

கை விலகவில்லை.

இப்போது அது மூக்கையும் சேர்த்து மூடியிருந்தது. மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒட்டியிருந்த பல்லி, நாக்கை நீட்டித் தன் இமையில்லாக் கண்ணைத் துடைத்துவிட்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.