செத்த ஆட்டுக்குக் காவல்

"நாலு ஆட்ட மூடி வைக்கத் துப்பில்ல... இவளுக்குக் காப்பி ஒரு கேடு!"

காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள் மாமியார் போர்கில். மாரித் ரொட்டிக்குப் பழுப்புச் சீஸைச் சீவிக்கொண்டிருந்தாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. காதில் விழுந்த எதுவும் உள்ளே இறங்கவில்லை.

மலை மேய்ச்சலில் ஆடுகள் செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தவன் அவள் கணவன் ஐவின். ஓநாய்தான் என்றான். ஓநாய் அடித்தால் சர்க்கார் இழப்பீடு தரும். ஆனால் செத்ததை அசைக்கக் கூடாது. காக்கை, நரி அண்டாமல் தார்ப்பாய் போட்டு மூடி, அதிகாரி வந்து தோலை உரித்துப் பல் தடம் பார்க்கிற வரைக்கும் காவல் இருக்க வேண்டும். காவலுக்குப் போனவள் மாரித். அதிகாரி வந்தபோது தார்ப்பாய் ஓரமாகக் கிடந்தது. காக்கைகள் விட்டுவைத்தது எலும்பும் கம்பளியும்தான். எது அடித்தது என்று சொல்ல முடியாது, இழப்பீடும் கிடையாது என்று கைவிரித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஐவின் அவளோடு பேசவில்லை. இன்றைக்குப் பேசினான்.

"மதியம் பஸ்ஸுல ஹாமருக்கு, உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு. உன்னப் பாத்தாலே எனக்கு..."

"சரிங்க."

மாடிக்குப் போய்த் துணி அடுக்கினாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

பெட்டியோடு இறங்கும்போது கொழுந்தன் ஷூர் உள்ளே வந்தான். பெண்டாட்டி செத்ததிலிருந்து பக்கத்துச் சின்ன வீட்டில் தனியாக இருக்கிறவன். காலோடு ஒட்டி வரும் வேட்டை நாய் பிர்க் இன்று வரவில்லை.

"பிர்க்க சுட்டுட்டேன் அண்ணா."

"ஐயோ, ஏண்டா!" என்றாள் போர்கில்.

"விடியக்கால வேலிக்குள்ள புகுந்து ஆட்டுக்குட்டியக் கவ்விட்டு நிக்குதும்மா! மலையில செத்த நாலும் அதோட வேலதான்... ஓநாய் இல்ல." மாரித் பக்கம் திரும்பினான். "அண்ணி... தார்ப்பாய நீங்கதானே எடுத்துட்டீங்க?"

"ஆமா. பின்னங்காலப் பாத்தேன், நாய்க்கடி. முந்தின நாள் பிர்க் வாயில கம்பளி ஒட்டியிருந்துச்சு. அதிகாரி பாத்தா அதக் கொன்னுருவாங்க. அத விட்டா உனக்கு யாருடா இருக்கா?" வெளியே மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள்.

ஷூர் உடைந்துபோனான். "'நாயக் கட்டியே வை'ன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டீங்களே... நான் கேக்கலியே! அண்ணா, நாய் கடிச்சதுக்கு சர்க்கார் சல்லிக்காசு தராது. அண்ணி மூடியே வெச்சிருந்தாலும் வந்திருக்காது. அவங்களப் போயி..."

"என்னப் பெத்த தாயே! என் நாக்கு அழுகிப் போக!" போர்கில் ஓடி வந்து கட்டிக்கொண்டு கதறினாள். மாரித்தின் கைகள் தொங்கியபடியே இருந்தன. தோள் நனைவது தெரிந்தது, அவ்வளவுதான்.

ஐவின் பெட்டியைப் பிடித்தான். "போகாத மாரித்... என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே," என்றாள். குரலில் கோபம் இல்லை. "அத்த வஞ்சாங்க, அது அவங்க வாய். நீங்க 'ஏண்டி இப்படி ஆச்சு'ன்னுகூட கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் கை தானாக விலகியது.

"எப்ப வருவ?"

"பனி விழறதுக்கு முன்ன மலையிலருந்து ஆடு எறக்குறப்ப வரேன். ஆள் பத்தாதுல்ல."

சாலையோரம் போய் நின்றாள். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.